சன்னலோரத்து மாஸ்டர்

அவர் இறந்துபோன செய்தியை என் மனைவி பாக்கியம் வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மீன் குழம்பு. கையை நிறுத்தவில்லை.

"கேட்டுச்சா? அந்த மாஸ்டர் போயிட்டாராம்" என்று மறுபடியும் சொன்னாள்.

"கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

போட்டாள்.

அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக இல்லை. அந்தப் பெயரை வாயில் எடுக்க இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மலாயாவில், மூவார் என்ற ஊரில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவருடைய சோதனைச்சாலையில் எடுபிடி வேலை செய்தேன். புட்டி கழுவுவது, மேசை துடைப்பது, ஐஸ் வாங்கி வருவது, அவர் நீட்டச் சொல்வதை நீட்டுவது.

அதற்கு முன்பு செடெனாக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், ரப்பர் பால் உறைய வைக்கிற கொட்டகையில் இருந்தேன். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆட்களைக் கழித்தார்கள். பாதிப் பேர் கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். எனக்கு ஊரில் யாரும் இல்லை. நானும் பாக்கியமும் ஒரு பலகை லாரியில் ஏறி மூவாருக்கு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆசிட் தெரியுமோ?"

"பால் உறைய ஊத்துற ஆசிட் தெரியுங்க சார்."

"அது ஆசிட் இல்லை. மோர்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மறுநாளிலிருந்து என்னை 'தோட்டம்' என்றுதான் கூப்பிட்டார். "தோட்டம், இஞ்சை வா." "தோட்டம், உதைத் துடை." அவர் பேச்சில் 'உதை' என்றால் 'அதை'. நான் முப்பது வயதுக்காரன். பன்னிரண்டு வயதுப் பையன்களும் அவரைப் பார்த்து என்னைத் தோட்டம் என்றார்கள்.

பார்க்க லட்சணமான மனிதர். வெள்ளை டிரில் கோட்டு, கஞ்சி மொடமொடப்பு, கழுத்தில் டை. கைக்குட்டையில் ஓடிகொலோன் வாசனை. ரசாயனம் சொல்லித்தருகிறவருடைய விரல்களில் ஒரு கறைகூட இருந்ததில்லை. என் விரல்கள் நான் சேர்ந்த சில மாதத்திலேயே மஞ்சளாகிவிட்டன. அந்த மஞ்சள் தேய்த்தால் போகாது, தோல் உரிந்துதான் போகும்.

குரலும் நல்ல குரல். அதை நான் மறைக்கமாட்டேன். பாடம் நடத்துவது இங்கிலீஷில்தான் என்றாலும், அவர் சொல்லச் சொல்ல, கையில் ஜாமான்களோடு நின்ற எனக்கே புரிந்தது. வருஷத்துக்கு வருஷம் அதே பாடத்தைக் கேட்டேன் அல்லவா. இரண்டு பொருள்கள் சேர்ந்து, இரண்டும் இல்லாத புதிய ஒன்று உண்டாவதுதான் சேர்க்கை. சிந்தஸிஸ். இந்த வார்த்தையை அவர் வெற்றிலை மெல்வதுபோல ருசித்துச் சொல்வார். சீனப் பையன்கள், மலாய்ப் பையன்கள், நம் பையன்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள்.

அப்படிச் சொல்லும்போது அவர் எங்கே நிற்பார் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

அந்த அறையில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய சன்னல் உண்டு. கம்பி இல்லாத சன்னல், இடுப்புயரத்துக்குச் சுவர். கடல் காற்று ஆற்றுவழியாக ஏறி அதில்தான் உள்ளே வரும். மாஸ்டர் அந்தச் சன்னலோரம் நிற்பார், கையில் ஒரு பிரம்பு. மேசைக்கு அருகே நான் நிற்பேன். பிரம்பால் காட்டிக் காட்டிச் சொல்வார்.

"உதைப் பிடி. கிட்டக் கொண்டு போ. பயப்பிடாதை, ஒண்டும் நடக்காது."

இந்த 'ஒண்டும் நடக்காது' என்ற பேச்சை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. அவருக்கு ஒன்றும் நடக்காதுதான்.

ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஒரு சோடாப் புட்டியில் அடைத்து நெருப்புக் காட்டினால் படாரென்று வெடிக்கும். உள்ளே கண்ணாடியில் பனி படிந்ததுபோல ஈரம் படிந்திருக்கும். இரண்டு காற்று சேர்ந்து தண்ணீரான கதை அது. புட்டியைத் துண்டில் சுற்றி விளக்கருகே கொண்டுபோவது என் வேலை. ஒரு வருஷம் புட்டி விரிசல் விட்டிருந்தது. அதை நான் முன்னாலேயே காட்டினேன். "துண்டு இருக்குத்தானே" என்றார். வெடித்தபோது ஒரு சில்லு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்து என் புருவத்துக்கு மேலே குத்தியது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. மாஸ்டர் பிரம்பை நீட்டி, உடைந்த புட்டியின் அடியிலிருந்த ஈரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு சீனப் பையன் எழுந்து தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினான்.

"சிட் டவுன்" என்றார் மாஸ்டர்.

பையன் உட்கார்ந்தான். கைக்குட்டையை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

வருஷத் தொடக்கத்தில் முதல் பாடம் எப்போதும் வெள்ளைப் புகைதான். ஒரு புட்டியில் அமோனியா, இன்னொரு புட்டியில் உப்புத் திராவகம். இரண்டின் மூடியையும் திறந்து வாயோடு வாய் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆவியும் கலந்து கெட்டியான வெள்ளைப் புகை எழும். அந்தப் புகை படிந்தால் நவச்சாரம். ஈயம் பூசுகிறவன் கடையில் கட்டியாகக் கிடக்குமே, அதுதான். இரண்டும் நாற்றம் பிடித்த பொருள்கள். அமோனியா மூக்கில் ஏறினால் மண்டை பிளக்கும். என் கண்ணிலும் மூக்கிலும் தாரையாக ஊற்றும். மாஸ்டர் சன்னலோரத்திலிருந்து சொல்வார்:

"பாருங்கோ, தோட்டத்துக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது."

பையன்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்கள், அதே சிரிப்பு.

அவர் இப்படி எட்ட நிற்பது ரசாயனத்தில் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நாள் ஜாமான் அறைக்குள் பாம்பு புகுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் ஒரு மலாய்க் கிழவர், கையில் ஒரு கம்போடு உள்ளே போனார். அவர் போன மறுகணம் மாஸ்டர் வெளியிலிருந்து கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார். உள்ளேயிருந்து கிழவர் கத்தினார், "அலமாக்! புக்கா பிந்து, துவான்! புக்கா பிந்து!" கதவைத் திற என்று கெஞ்சுகிறார். மாஸ்டர் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார்.

"திறங்க சார், மனுசன் உள்ள இருக்காரு" என்றேன்.

"பாம்பு வெளியாலை வந்தால்?"

நான் அவர் கையைத் தள்ளிவிட்டுத் திறந்தேன். கிழவர் வெளியே வந்து, செத்த பாம்பைக் கம்பிலிருந்து மாஸ்டர் காலடியில் போட்டார். மாஸ்டர் துள்ளிப் பின்னால் போனார். கிழவர் சாகும்வரை அவருக்கு சலாம் வைத்ததில்லை. என்மேல் மாஸ்டருக்கு வெறுப்பு வந்ததும் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதுவரை இருந்தது அலட்சியம் மட்டும்.

இனி அந்தப் பழுப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செம்புக் கம்பித் துண்டுகள்மேல் நைட்ரிக் ஆசிட்டை ஊற்றினால் பழுப்பாக ஓர் ஆவி குபுகுபுவென்று வரும். சிவந்த பழுப்பு, காய்ந்த வெற்றிலைக் கறை மாதிரி. பள்ளிக்கூடத்தில் அதை விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, இரண்டு முனையும் உருக்கி மூடி வைத்திருந்தார்கள். கடையிலிருந்தே அப்படித்தான் வந்தது. அந்தக் குழாயை ஐஸில் வைத்தால் பழுப்பு மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் ஒன்றுமே இல்லாததுபோல ஆகிவிடும். எடுத்துச் சுடுதண்ணீரில் வைத்தால் பழையபடி பழுப்பு ஏறும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். இதில் சேர்வது வேறு வேறு பொருள் இல்லை. ஒரே ஜாதித் துகள்கள் குளிரில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டால் நிறம் இல்லை. சூட்டில் பிரிந்தால் நிறம் வருகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த ஒட்டிய ஜோடியை டைமர் என்கிறார்கள். அவர் 'டபிள் மாலிக்யூல்' என்பார்.

எனக்கு அவர் பாடங்களில் பிடித்தது அது ஒன்றுதான். குழாயால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் அதைச் சுடுதண்ணீரில் வைப்பது என் கைதான், அவர் சன்னலோரம்தான்.

ஒரு வருஷம் பெரிய துரை ஒருவர் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. விரல் நீளக் குழாய் பின்வரிசைக்குத் தெரியாது, துரை எழுந்து வந்தா பார்ப்பார் என்று சொல்லி, தேங்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்தார். அதில் தாமே ஆவியைப் பிடித்து அடைத்துக் காட்டப் போவதாகச் சொன்னார். தாமே என்றால் நான்.

துரை வருவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. காலையில் என்னை வரச்சொல்லியிருந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். குடுவையை ஐஸில் புதைத்து, செம்பையும் ஆசிட்டையும் சேர்த்து, ஆவியைக் குழாய்வழியாக உள்ளே விட்டேன். ஐஸின் குளிரில் பழுப்பு தெரியவே இல்லை. உள்ளே போவதெல்லாம் வெளுத்துப் போயிற்று.

"இன்னும் விடு" என்றார்.

விட்டேன். குடுவையின் அடியில் மஞ்சளாக ஏதோ தேங்க ஆரம்பித்தது.

"சார், அடியில மஞ்சத் தண்ணி நிக்குது. போதும்னு தோணுது."

"நிக்கட்டும். கூட இருந்தால் கூட நிறம். உன்ரை மூளையைப் பாவிக்காதை, நான் சொல்லுறதைச் செய்."

மூடியைச் செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி அடைத்தேன். அவர் சன்னலோரம் போனார்.

"இப்ப சுடுதண்ணிக்குள்ளை வை. ஒண்டும் நடக்காது."

அண்டாவில் தண்ணீர் ஆவி பறந்தது. குடுவையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். பழுப்பு திடீரென்று பொங்கி ஏறியது. அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, கறுப்பு என்றே சொல்லலாம். இரண்டிரண்டாக ஒட்டியிருந்தது எல்லாம் ஒன்றொன்றாகப் பிரிகிறது, பிரிந்ததற்கு இடம் வேண்டும். இது எனக்குப் பின்னால், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் சொல்லி விளங்கியது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் கையை எடுக்க வேண்டும் என்பது மட்டும். எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது.

சுடுதண்ணீர் மார்பில் அடித்தது. அறை முழுக்கப் பழுப்பு மேகம். சன்னல் பக்கம் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு சுவர்மேல் ஏறி அந்தப் பக்கம் குதிப்பது தெரிந்தது. கோட்டு சன்னல் கொக்கியில் மாட்டிக் கிழிந்த சத்தமும் கேட்டது. நான் தடுமாறிக் கதவைத் தேடி வெளியே வந்து இருமினேன். தொண்டை எரிந்தது. ஆனால் அமோனியாவுக்கு இருமியதைவிடக் குறைவுதான். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அவர் புல்தரையில் நின்று கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்.

"சுவரிலை கறை பிடிக்குதோ?"

"தெரியல சார்."

"போய்ப் பார். மற்றச் சன்னலையெல்லாம் திற. அண்டாவை வெளியாலை கொண்டு வா. நாளைக்குத் துரை வாறார்."

"கொஞ்சம் புகை அடங்கட்டும் சார்."

"அடங்கினால் கறை நிண்டிடும். போ. ஒண்டும் நடக்காது."

போனேன். ஏன் போனாய் என்று பாக்கியம் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லாத காலம், அதுதான் பதில். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு சன்னலாகத் திறந்தேன். சுவரைத் துடைத்தேன். தரையைக் கழுவினேன். அண்டாவைத் தூக்கிவந்து வெளியே கொட்டினேன். மாஸ்டர் எட்ட நின்று, "அந்த மூலை, அந்த மூலை" என்று பிரம்பால் காட்டினார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். படுத்துத் தூங்கினேன். பொழுது சாய எழுந்தபோது நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

"என்னங்க இப்படி இரைக்குது?" என்றாள் பாக்கியம்.

பதில் சொல்ல மூச்சு இல்லை. இருமியதில் நுரை வந்தது, இளஞ்சிவப்பாக. அவள் அலறிக்கொண்டு ஓடிப்போய் ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டிரஸ்ஸரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கிறிஸ்தவர். கழுத்தில் சின்னச் சிலுவை. என்னைப் படுக்க வைக்கப் போன ஆயாவைத் தடுத்தார்.

"படுக்க விடாதை. நேராய் இருத்து. தம்பி, நீர் இண்டைக்கு என்னத்தைச் சுவாசிச்சனீர்?"

என்னால் பேச முடியவில்லை. என் கையை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கை வேலை?" என்று பாக்கியத்திடம் கேட்டார். அவள் சொன்னாள். "நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் இவரை அசைய விடாதையுங்கோ" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டுத் தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததை டிரஸ்ஸர் நான் பேசும் நிலைக்கு வந்தபிறகு சொன்னார். மாஸ்டர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். தாம் அன்று பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை என்றாராம். அந்த ஆள் குடிகாரன், மார்ச்சளியாக இருக்கும் என்றாராம். பிறகு கொஞ்சம் யோசித்து, "அலுமாரி திறந்தபடி கிடந்தது. அவன் களவாய் ஏதும் எடுத்திருப்பான்" என்றாராம்.

"நீங்கள் பள்ளிக்கூடம் போகேல்லை எண்டால், அலுமாரி திறந்து கிடந்தது எப்பிடித் தெரியும்?" என்று டிரஸ்ஸர் கேட்டார். மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டார். கதவு சாத்துவதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

மார்ச்சளி என்று நம்பிக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்திருந்தால் என் நுரையீரலில் ஊறிய தண்ணீரிலேயே நான் மூழ்கியிருப்பேன். டிரஸ்ஸர் டாக்டரிடம் தாம் பார்த்ததைச் சொல்லி, விடியும்வரை என்னை உட்கார்ந்தபடியே வைத்திருந்தார். பிழைத்தேன். முழுசாகப் பிழைக்கவில்லை. இன்றைக்கும் மாடிப்படி பாதி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். டிரஸ்ஸர் நேரில் போய் ஹெட்மாஸ்டர் துரையிடம் பேசியிருக்கிறார், அதனால் விசாரணை. எனக்கு நம்பிக்கையாக இருந்தது. சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு பாக்கியத்தோடு போனேன். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே ஹெட்மாஸ்டர் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வயதானவர், பொல்லாதவர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் காதுக்கு எட்டும், வாய்க்கு வராது. அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் தெரிந்த வாத்தியார் ஒருவர்தான். அவர் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு சன்னலோரம் நின்றிருந்தார்.

நடந்ததை உன் வாயாலேயே சொல் என்றார் துரை. மாஸ்டர் அதை எனக்குத் தமிழில் சொன்னார். நான் சொன்னேன். குடுவையில் மஞ்சள் தண்ணீர் நின்றதைச் சொன்னேன். போதும் என்று நான் சொன்னதையும், இன்னும் விடு என்று அவர் சொன்னதையும் சொன்னேன். சன்னல் ஏறிக் குதித்ததைச் சொன்னேன். கறைக்காக என்னை மறுபடியும் உள்ளே அனுப்பியதைச் சொன்னேன். நடுநடுவே மூச்சு வாங்கியது. துரை பொறுமையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நல்ல குரலில், இங்கிலீஷில் சொன்னார்: "தனியாக வந்து குடுவையைத் தொட்டுவிட்டதாகவும், அது கைதவறி விழுந்துவிட்டதாகவும் சொல்கிறான், சார். மன்னிப்புக் கேட்கிறான்."

அவ்வளவுதான். நான் சொன்னதெல்லாம் அந்த இரண்டு வாக்கியம்.

எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. எழுந்தேன். இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தால், வருஷக்கணக்காகக் காதில் விழுந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு இருமல்தான் வந்தது. இருமலுக்கு நடுவில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத் துப்பினேன்.

"நோ."

துரை நிமிர்ந்தார். "நோ? எதற்கு நோ என்கிறான்?" என்று மாஸ்டரிடம் கேட்டார்.

மாஸ்டர் யோசிக்கக்கூட இல்லை.

"நோ கம்ப்ளெயின்ட், சார்."

துரையின் முகம் இளகியது. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். என்னைத் தண்டிக்க வேண்டாம் என்றும், வேலையில் இருக்கட்டும் என்றும், இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லும்படியும் மாஸ்டரிடம் சொன்னார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று பெரிய துரைக்கு முன்னால் காட்டிய பாடத்தைப் பாராட்டினார்கள் என்றும் போகிற போக்கில் சொன்னார். அதை மாஸ்டர் எனக்குத் தமிழில் சொல்லவில்லை, அதுவும் எனக்குப் புரிந்தது.

வெளியே பாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேனாம்."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "திங்கக்கிழமை வா. இனி உதைப் பற்றி ஒருத்தரோடும் கதையாதை. முடிஞ்சுது" என்றார்.

பாக்கியம் வேண்டாம் என்றாள். டிரஸ்ஸரும் வேண்டாம் என்றார், தாம் மறுபடியும் துரையிடம் போவதாகச் சொன்னார். யார் மொழிபெயர்ப்பார்கள் என்று கேட்டேன். டிரஸ்ஸருக்கே இங்கிலீஷ் தெரியும் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. கோபத்தில் எனக்கு எதுவும் நினைவில்லை. திங்கட்கிழமை போவது என்று மட்டும் நான் தீர்மானித்துவிட்டேன். ஏன் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை மேல்வகுப்புப் பையன்களுக்குப் பாடம். அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள், கறை இல்லை. மேசைமேல் ஐஸ் ஒரு கிண்ணம், சுடுதண்ணீர் ஒரு கிண்ணம், நடுவில் அந்த விரல் நீளக் கண்ணாடிக் குழாய். பழைய குழாய்தான், ஆபத்தில்லாதது. பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மெலிந்து கறுத்துப் போயிருந்தேன். யாரும் தோட்டம் என்று கூப்பிடவில்லை. விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. மலாய்க் கிழவர் சும்மா இருந்திருக்கமாட்டார்.

மாஸ்டர் வழக்கமான இடத்தில் நின்று பேச ஆரம்பித்தார். ஒரே மாதிரித் துகள்கள் எப்படி இணைகின்றன, எப்படிப் பிரிகின்றன. குரலில் எந்த மாற்றமும் இல்லை. பிரம்பை என் பக்கம் நீட்டினார்.

"உதைத் தூக்கிச் சுடுதண்ணிக்குள்ளை வை."

"நீங்களே வைங்க சார்."

"என்ன?"

"நீங்களே வந்து வைங்க. நான் வைக்கமாட்டேன்."

தமிழ் தெரிந்த பையன்கள் தெரியாதவர்கள் காதில் கிசுகிசுத்தார்கள். மாஸ்டர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்த மேசைக்கு அவ்வளவு அருகில் வந்து நான் பார்த்ததில்லை. கையை நீட்டினார். குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. உள்ளே இருந்த பழுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் குழாயைப் பாலர் வகுப்புப் பிள்ளைகூடத் தொடலாம், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கை போகவில்லை. கையை இழுத்து, கைக்குட்டையால் துடைத்தார். எதையும் தொடாத கையை.

பிறகு முன்வரிசையைப் பார்த்து, "நீ வா" என்றார் இங்கிலீஷில்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பையன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, நீ."

பக்கத்துப் பையனும் எழுந்திருக்கவில்லை. "யார் வருகிறீர்கள்?" என்று வகுப்பையே கேட்டார். ஒருவரும் அசையவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், அடித்திருப்பார்.

அவர் முகத்தை எங்கள் யாருக்கும் காட்டாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"வெளியாலை போ" என்றார் எனக்கு.

போனேன். வெராண்டாவில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினேன். உள்ளே சுண்ணக்கட்டி உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குழாய் தொட ஆளில்லாமல் மேசைமேல் அப்படியே கிடந்தது. பலகையில் ஒட்டினாற்போல இரண்டு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் தனித்தனியாக இன்னும் இரண்டு வட்டம். சுண்ணக்கட்டி வெள்ளை, அதனால் அந்தத் தனி வட்டங்களுக்குக் கீழே 'பழுப்பு' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார்.